பாக்கி எழுநூறு

போச்சம்பள்ளி முனிரத்தினத்துக்கு
அவர் காளையின் படம் வேண்டும்,
பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸில்.
எருது விடும் விழாவுக்கு
நாலே நாள்.

அட்வான்ஸ் முந்நூறு ஜிபேயில் வந்தது.
பின்னாலேயே குரல் செய்தி:
"ஒடிஞ்ச கொம்ப முழுசாக்கிடு பாப்பா.
கண்ணுல கொஞ்சம் செவப்பு."

ஆக்கினேன்.
ஓவியக் கல்லூரியில் இதற்கு மதிப்பெண் கிடையாது,
மெஸ் பில்லுக்கு ஆகும்.

போட்டோ எடுக்கப் போன அன்று
கொட்டாயில் அது
அசைபோட்டபடியே கண்ணயர்ந்தது.
காதில் ஓர் ஈ.
பர்கூர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
பால்பாயின்ட்டில் கிறுக்கினேன்.
எட்டிப் பார்த்த முனிரத்தினம்
எதையும் திருத்தச் சொல்லவில்லை.

விழா முடிந்தது. பரிசு இல்லை.
பாக்கி எழுநூறும் இல்லை.
நேற்று ராத்திரி மெசேஜ்:
"அந்த ஈ உக்காந்த படம்
இருக்குதா பாப்பா?"

முதலில் அந்த எழுநூறு
என்று தட்டிவிட்டு
அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன்.