இடது மட்கார்டு

இந்த ஊரில் இதற்குச் சிறகு என்று பெயர்.
எனக்கு எப்போதும் மட்கார்டுதான்.
அறுநூற்று நாற்பது பவுண்டு கட்டிய பிறகு
நானும் ஒரு வாரம் சிறகு என்றே சொல்லிப் பார்த்தேன்,
விலைக்கு மரியாதையாக.

டார்பியில், விட்டு விட்டுப் பெய்யும் நவம்பர்.
கூரியர்க்காரன் ஒரு முனை, நான் ஒரு முனை,
பல்லக்கு போலத் தூக்கி வந்து கராஜில் இறக்கினோம்.
அட்டையைக் கிழித்தால் கறுப்புப் பூச்சு,
ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிவு இல்லை.
பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான்
காருக்கு ஐம்பத்திரண்டு வயது என்பது உறைத்தது.

பழையதைக் கழற்ற மூன்று ஞாயிறு.
ஒவ்வொரு போல்ட்டும் துருவோடு சம்பந்தம் செய்திருந்தது.
விளக்குக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினேன்.
இரும்பு ஓசை வரவில்லை, மாவு மூட்டை ஓசை.
அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது பட்டி.
உள்ளே கோழிவலை,
வலைக்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள்,
அதில் எவரோ பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
இடமிருந்து வலம் பதினேழு:
எழுதி, அடித்து,
மறுபடி அதே தப்பை எழுதியிருந்தார்.
சந்தேகமே இல்லை,
இந்த வண்டியைச் சரிசெய்த மகராசன் இவர்தான்.

புதியதைத் தூக்கி வைத்தேன்.
கதவோரம், மேலே பூனை நுழையும்.
கீழே தாள் நுழையாது.

விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
அவன் நிதானமாகக் கேட்டான்:
அச்சில் பிசகில்லை, உங்கள் கார் எங்கேயாவது இடித்ததா?

எனக்கு எப்படித் தெரியும்?
எனக்கு முன்னால் ஐந்து பேர் கையில் இருந்த கார்.
எந்த மழை இரவில் எந்தச் சுவரோ.

ராத்திரி ஷிஃப்ட்டில்
ரயில்பெட்டிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தேன்.
நேராக இருப்பதால்தான் அது பொருந்தவில்லை.
பழகிய கோணலுக்கு ஏற்றபடி
புதியதையும் கொஞ்சம் கெடுக்க வேண்டும்.
வீட்டில் அரம் இருந்தது.

வரிசையும் தப்பு.
பின்னாலிருந்து தொடங்கியிருக்க வேண்டுமாம்:
பின்பக்கத்துக்குக் கதவு, கதவுக்கு மட்கார்டு,
மட்கார்டுக்கு போனெட்.
நான் மூக்கிலிருந்து தொடங்கியிருந்தேன்.
இறுக்கியதையெல்லாம் தளர்த்தினேன்.
தொட்டால் கார் முழுக்க
பரணில் கிடக்கும் பாத்திரம்போல லொடலொடவென்றது.

டாஷ்போர்டுக்குப் பின்னால் மூன்று போல்ட்.
அதை வரைந்தவனுக்கு
முழங்கை முதுகுப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும்.
என் கை போகவில்லை.

செண்பகவல்லி வந்தாள்.
சமையலறைக் கூரை ஒழுகும்போதெல்லாம்
இந்தக் காரின் பெயரைச் சொல்லுகிறவள்.
ஒன்றும் பேசாமல் என் பழைய ஸ்வெட்டரை மாட்டி
தலை கீழே, கால் சீட்டின் முதுகில்,
வாயில் டார்ச்.
உள்ளேயிருந்து ஸ்பேனர் விழும் சத்தம்,
நான் கேட்டறியாத கோவில்பட்டி வசவு ஒன்று.
பிறகு டார்ச்சை எடுத்துவிட்டு,
“சிறகைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”

தூக்கிப் பிடித்தேன்.
கை நடுங்க, வேலைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

இரண்டு பென்னிக் காசு இரண்டை ஒட்டவைத்து
இடைவெளியில் மேலிருந்து கீழே இழுத்தேன்.
நடுவில் ஒரு தடவை திக்கியது,
அப்புறம் போய்விட்டது.

“மூணையும் போட்டுட்டியா?”
“ம்.”

மறுநாள் வாஷிங் மெஷினில்
அவள் துணிகளோடு ஏதோ ஒன்று
டங், டங் என்று உருண்டது.
இருவரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
“நாணயமா இருக்கும்” என்றேன்.
“இருக்கும்” என்றாள்.