கடித்த இடம்

தங்கம் தோண்டி ஓய்ந்த பல்லாரட்டில்
ஞாயிற்றுச் சந்தை.
வெள்ளிப் பூண் போட்ட புகைக்குழாயை
வெல்வெட்டில் கிடத்தியிருந்தார் மெர்வின்.
"நூறு வருஷம் தாண்டினது. முத்திரையைப் பாருங்க."

முத்திரை சரிதான்.
ஆனால் நான் பல்செட் செய்கிறவள்.
ஊதுவாயில் இருந்த கடி
இரண்டு பக்கமும் ஒரே ஆழம்.
அது அரத்தின் கடி.
மனுசன் அப்படிக் கடிக்கமாட்டான்.

இரண்டு டாலர்த் தட்டில்
துருப்பிடித்த சாவிகளுக்கடியில் இன்னொன்று:
கிண்ணம் விண்டு, உள்ளே கரி இறுகி,
கொம்புக் காம்பில்
இடப்பக்கம் மட்டும் பள்ளம்.
வலது கடைவாய் வலித்திருக்கிறது அவனுக்கு,
பல வருஷமாய்.

எந்தக் காலத்தது என்றேன்.
"யாருக்குத் தெரியும்?"
சில்லறையை எண்ணினார் மெர்வின்.

காரில் வைத்து முகர்ந்தேன்.
புகையிலைக்குப் பின்னால்,
சத்தியமாக,
கிராம்பு.