பதினொரு கிலோமீற்றர்

டோஹாவிலிருந்து மெல்பேர்ண்
பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றர்.
பதின்மூன்றரை மணித்தியாலம், காற்றுச் சரியாயிருந்தால்.
சின்னவன் போனில் தேடி வாசிக்கிறான்.

அதே கண்டத்துக்குத் தம்பி முதல்முறை போனது
வாழைச்சேனையில் ஏறிய மீன்படகில்.
இருபத்திரண்டு நாள். அறுபத்துமூன்று பேர்.
அந்தத் தூரத்தை யாரும் அளந்து சொல்லவில்லை.
தண்ணி முடிந்த நாளோடு
எண்ணுவதை விட்டுவிட்டதாக
ஒருமுறை, வேறெதையோ பேசும்போது, சொன்னான்.

இப்போது ரஜிதரனிடம் ஒரு பயணப் பத்திரம் இருக்கிறது.
எல்லா நாட்டுக்கும் போகலாம்,
இந்த நாடு தவிர.
லண்டனில் மச்சாளின் கலியாணம். முடிந்து திரும்புகிறான்.
"அக்கா, வரைபடத்தில பாத்தன்,
நம்மட தலைக்கு மேலாலதான் வருது."
நாற்பத்தோராம் வரிசை, இடப்பக்கம், சன்னல்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது.
"மேலால போறவன் கொஞ்சம் இறங்கிட்டுப் போனா என்னகா?
திமிலதீவிலயும் ஓடுபாதை கிடக்குத்தானே."
"அது சின்னதும்மா."
"புள்ளயும் சின்னவன்தானே."

விடிய மூன்று மணி. கல்லடி. எங்கள் மொட்டைமாடி.
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
நுளம்புச்சுருள்,
ஆட்டோவில் கழற்றிய பற்றரியில்
அவர் பூட்டித் தந்த பெரிய விளக்கு.
போனில் ஒரு மஞ்சள் விமானம், விரல்நக அளவு.
மகாஓயா தாண்டிற்று.
உன்னிச்சைக் குளத்தில் கால் நனைக்காமல்
வவுணதீவு, வாவி.
எங்கள் மாவட்டத்தைக் கடக்க
அதற்கு மூன்று நிமிடம் தேவையில்லை.
நான் தினமும் அரசடிச் சந்தியில்
அதைவிடக் கூட நேரம் நிற்கிறேன்.

உயரம் பதினொரு கிலோமீற்றர் என்றான் சின்னவன்.
தாழங்குடாவுக்குப் போய் வருகிற தூரம்கூட இல்லை.
பதின்மூன்று வருடத்தில்
அவன் இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

அம்மா விளக்கைப் பறித்து ஆட்டினாள்,
ரயிலை நிறுத்துகிறவளைப் போல.
பக்கத்து வளவு நாய் குரைத்தது.
மேலே ஒரு சிவப்புப் பொட்டு
மினுங்கி, நின்று, மினுங்கி.
சத்தம் பிறகுதான் வந்தது.
சத்தம் இருந்த இடத்தில் நாங்கள் தேடிக்கொண்டிருக்க
அவன் கடலுக்கு மேலே.

ஆறு மணிக்கு அவர் விளக்கைக் கழற்றி
பற்றரியைத் திரும்பப் பூட்டினார்.
ஏழுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஹயர்.

பின்னேரம் ஒரு படம் வந்தது.
சன்னல் கண்ணாடி. கறுப்பு. அவனுடைய அரை முகம்,
தாடியில் நரை விழுந்திருக்கிறது.
காதுக்குக் கீழே நாலைந்து வெளிச்சப் புள்ளி.
"இதில எது நாம?"

அம்மா யோசிக்கவேயில்லை,
ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
அவன் தலைக்கு மேலே எரிந்த வாசிப்பு விளக்கு
கண்ணாடியில் விழுந்திருந்தது.

வட்டம் போட்டு அனுப்பினேன்.
"இதுதான்."