ஐந்தாவது உறை

முதலாவது தோல்.
வாசனைக்காகவே வாங்கினேன்.
புதுச் செருப்பைப் போல ஒரு வாரம் கடித்தது.
பிறகு இளகியது.
இளகியதுதான் தப்பு.
துப்பாக்கியை உருவியதும் வாய் சுருங்கிப்போனது,
திரும்பச் செருகும்போது
மடிந்த விளிம்பு விசைக்குப் பக்கத்தில்
நாக்கை நீட்டியது.
குண்டில்லாத துப்பாக்கிதான்.
இருந்தாலும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இரண்டாவது எலாஸ்டிக் துணி, பதினெட்டு டாலர்.
அதைப் பற்றி அவ்வளவுதான்.

மூன்றாவது நின்றால் தெரியாது.
நானோ நிற்கிறவள் இல்லை.
விச்சிட்டாவில் எனக்கு மூன்று சலவைக் கடைகள்,
காசு போட்டால் சுழலும் இயந்திரம் நாற்பத்தொன்று.
இரவு பத்துக்கு மேல்
ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டுக்
காசுப்பெட்டியை இழுக்கிறவள்.
குனியும்போது விலாவில் ஏறியது பிடி.
பதினேழாம் நம்பர் இயந்திரத்துக்கு முன்னால்
வாய்விட்டே திட்டினேன்.

"அப்பெண்டிக்ஸ் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்,
தொப்புளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே"
என்றான் கடைக்கார ஆரின்.
அது எனக்கு இல்லை. பதினோரு வயதில் எடுத்துவிட்டார்கள்.
தழும்பு மட்டும் இருக்கிறது,
ஒரு விரல் நீளத்துக்கு.
"மிஸ் ஷ்ராக்" என்று அழகாகக் கூப்பிடுவான்.
ஆயுதம் தொடமாட்டோம் என்று
நாடு விட்டு நாடு வந்த கூட்டத்தின் பெயர் அது.
அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒருவன் திருப்புளியோடு வந்தான்.
அறுநூற்று நாற்பது டாலர், அத்தனையும் சில்லறை,
முப்பது பவுண்டுக்கு மேல்.
இரண்டு கையிலும் பை.
கதவைத் திறந்துவிடச் சொன்னான்.
திறந்துவிட்டேன்.
அந்தக் கதவைத்தான் மறக்க முடியவில்லை,
திருப்புளியை அல்ல.

நாலாவதைக் கடினப் பிளாஸ்டிக்கில்
என் துப்பாக்கியின் அச்சிலேயே வார்த்திருந்தார்கள்.
விசையை முழுசாக மூடியது.
செருகினால் 'டக்'கென்று ஒரு சத்தம்,
பெட்டியைப் பூட்டியதுபோல.
பெல்ட்டை உதைத்துப் பிடியை உள்ளே தள்ள ஒரு சின்னக் கொக்கி,
முனையை வெளியே தள்ள அடியில் ஒரு ரப்பர் ஆப்பு.
"மெதுவாக உள்ளே விடுங்கள், பார்த்துக்கொண்டே.
வேகமாக உருவுவதற்குப் பரிசு உண்டு,
வேகமாகச் செருகுவதற்கு ஆஸ்பத்திரி உண்டு"
என்றான் ஆரின்.
ஞாயிறு முழுக்க, காலியாக, வீட்டுக்குள் போட்டுப் பார்த்தேன்.
ஷூ நாடா கட்டினேன்.
பூனையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன்.
தும்மினேன், வேண்டுமென்றே.
குத்தவில்லை, தெரியவில்லை, நழுவவில்லை.
நூற்றுப் பத்து டாலரும் ஜீரணமானது.

மூன்றாம் வாரம் தபால் ஆபீஸ் வரிசையில் நிற்கிறேன்.
எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை;
அது என் சாவிக்கொத்துக்குக் கை நீட்டுகிறது.
கொடுக்கக் குனிந்தேன்.
மணிக்கட்டு சட்டைக்கடியில் எதிலோ இடித்தது.

எதிலோ.

வாசல் கண்ணாடியில் சிவப்பில் எழுதியிருக்கிறது,
ஆயுதத்தோடு உள்ளே வரக்கூடாதென்று.
அதன் மேல் கை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.
சாவியைத் திரும்ப வாங்கினேன். குழந்தை அழுதது.
வேனில் உட்கார்ந்து
எஞ்சினைப் போடாமல் வெகுநேரம் இருந்தேன்.

எது வலிக்காமல் இருக்கிறதோ
அது இல்லாமலே போய்விடுகிறது உடம்புக்கு.

ஐந்தாவதும் அதே வார்ப்புதான்.
அரை அங்குலம் உயரம், ஆப்பு தடிப்பு.
உட்கார்ந்தால் சரியாகத் தழும்பின் மேல் அழுத்தும்,
குத்தாது, ஆனால் விடாது.
"தேய்த்துத் தரட்டுமா, இரண்டு நிமிஷம்" என்றான் ஆரின்,
உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டே.

வேண்டாம் என்றேன்.

இன்றிரவு பதினேழாம் நம்பருக்கு முன்னால் மண்டியிடுகிறேன்.
அழுத்துகிறது.
பின்னால் ஒரு அப்பனும் மகளும்
ஈரம் காயாத படுக்கை விரிப்பை
ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கிறார்கள்,
நெருங்கி, விலகி, நெருங்கி.
கையிரண்டிலும் காசுப்பைகளோடு எழுகிறேன்.
அந்தச் சிறுமி ஓடிப்போய் எனக்காகக்
கதவைத் திறந்து பிடிக்கிறாள்.