கண்மதிப்பு

அரூர் அரசு மருத்துவமனை, மாடி ஹால்.
நீள மேசையில் ஐந்து துணிகள்,
ஐந்தும் சிவப்பு.
பீட்ரூட் சாறு, கெட்டிக்குக் கொஞ்சம் மைதா என்று
பிறகுதான் சொன்னாள் ஹெப்சிபா.
அவளுக்கு வயது இருபத்தாறு.
எனக்கு சர்வீஸே இருபத்திரண்டு.

"ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி?
பார்த்து எழுதுங்கள்.
தொடக் கூடாது, பக்கத்தில் கேட்கக் கூடாது."

சாந்தாமணி அக்கா கண்ணாடியைத் துடைத்தாள்.
பாப்பிரெட்டிப்பட்டிக்காரி பேனாவின் வாலைக் கடித்தாள்.
நான் மளமளவென்று எழுதினேன்.
ஆழாக்கு உழக்கு புழங்கிய கை,
எத்தனை வீட்டுத் தரையைப் பார்த்த கண்.

முதல் துணிக்கு நூறு போட்டேன், நூற்றைம்பதாம்.
பரவாயில்லை என்று இருந்தது.
நாலாவது, மடித்துப் போட்ட நூல் புடவை.
மேல்மடிப்பு பாதிதான் நனைந்திருந்தது.
முந்நூறு என்று போட்டேன்.

எண்ணூறு என்றாள்.
ஊற்றிய குடுவையைத் தூக்கி
கோட்டுக்குக் கோடு எண்ணிக் காட்டினாள்.
பதினெட்டுப் பேர் தாளையும் வாங்கிப் பார்த்தாள்.
கூட எழுதியவள் ஒருத்தியும் இல்லை.
"துணி குடிச்சிரும் அக்கா,
கண்ணுக்குக் காட்டாது."

டீ வந்தது, மசால்வடை வந்தது.
நான் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தேரி மலை. பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே
ஓடை தாண்டி நாலு கிலோமீட்டர்.
கார்த்திகை மழை. தீர்த்தம்மாவுக்கு மூன்றாவது.
பிள்ளை நன்றாக அழுதது.
ஊசி போட்டேன்.
நஞ்சுக்கொடியைத் தட்டில் திருப்பிப் பார்த்தேன்,
முழுசாக இருந்தது.
அவளுக்குக் கீழே மாமியாரின் பழைய நூல் புடவை,
நாலாக மடித்தது.
பார்த்தேன். கைகழுவினேன்.
ரிஜிஸ்டரில் எழுதினேன்: முந்நூறு.

தண்ணி குடு சிஸ்டர் என்றாள்.
கொட்டாவி விட்டாள், திரும்பத் திரும்ப.
கண்ணை இருட்டுது என்றாள்.
ராவெல்லாம் முக்கின அசதி, பேசாம படு,
சாமைக்கஞ்சி காய்ச்சுறாங்க என்றேன்.

டோலி கட்டியபோது விடிந்திருந்தது.
ஓடையில் இடுப்பளவு வெள்ளம்.

தர்மபுரியில் விசாரணை வைத்தார்கள்.
ரத்தம் எவ்வளவு?
முந்நூறு, சார்.
காரணம் என்ற கட்டத்தில்
சாலை வசதி இல்லை என்று எழுதினார்கள்.
இரண்டு வருஷமாக நானும்
சாலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்,
ஜீப்பில் எந்த அதிகாரி வந்தாலும்
காதில் விழும்படி.

சாலை இல்லைதான்.
ஆனால் பிள்ளை அழுததற்கும்
டோலி கட்டியதற்கும் நடுவே
மூன்று மணி நேரம் இருந்தது.
அப்போது ஓடையில் முழங்கால் அளவுதான்.

அந்தப் பிள்ளையை மாதாமாதம்
அங்கன்வாடித் தராசில் தூக்கி வைப்பது நான்தான்.
கவுனைக் கழற்றி,
ஐம்பது கிராம்கூட விடாமல் எழுதுவேன்.

மத்தியானம் ரப்பர் பொம்மை.
அடிவயிற்றில் கைவைத்துப் பிசைய வேண்டும்,
கருப்பை கல்லாக இறுகும்வரை விடக் கூடாது.
ஹெப்சிபா என் கைமேல் கைவைத்து
இன்னும் கொஞ்சம் கீழே என்றாள்.
சரியான இடம் அதுதான் என்றாள்.
பாப்பிரெட்டிப்பட்டிக்காரியின் முறை வந்தது.
அக்கா, போதும் என்றார்கள்.
ரப்பர் இறுகவேயில்லை.

கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து
என் நூல் புடவை ஒன்றை எடுத்தேன்.
இருநூறு மில்லி டம்ளரில் நாலு தடவை தண்ணீர்,
கேசரிப் பவுடர் கரைத்தது.
அடுப்படித் தரையில் நாலாக மடித்துப் போட்டு
மெதுவாக ஊற்றினேன்.
லைட்டை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மலை வீடுகளில் அவ்வளவுதான் வெளிச்சம்.
மேலிருந்து பார்த்தேன்.
உட்கார்ந்து பார்த்தேன்.
ஓரத்தைத் தூக்கி
அடிமடிப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.
என்ன இது என்றார்.

எண்ணூறு என்றேன்.