ஐந்தாம் எண் பெட்டி

வாரத்தில் மூன்று நாள்தான் இப்போது வேலை.
திங்களும் வெள்ளியும் ஷூ கம்பெனி கதவு திறப்பதில்லை.
லோஷினி ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட
கயூரிக்கு நான் பின்னும் சடை
நோர்த்டேல் பள்ளிக்கூட வாசல்வரை தாங்கும்.
அதற்கு மேல் அவள் பொறுப்பு.

செப்டம்பர் முதல் தேதி வசந்த நாளாம்,
சீருடை வேண்டாம், பூப்போட்ட சட்டை போதுமாம்.
முந்தின இரவு ஒன்பதரைக்குச் சொல்கிறாள்.
மின்வெட்டு நேரம்.
கைபேசி வெளிச்சத்தில் அலமாரியைக் கவிழ்த்தோம்.
தெயோலனுக்குப் பூ அகப்படவில்லை;
அன்னாசிப் பழம் போட்ட சட்டையில் போனான்.
பழமும் முன்னே பூவாய் இருந்ததுதானே என்று
டீச்சரிடம் வாதாடியிருக்கிறான். ஆறு வயது.

அன்று சாயங்காலம் இருவரும் கொண்டுவந்தது
ஒரு தயிர் டப்பா. உள்ளே
நகக்கண் அழுக்குபோல நாற்பத்தொரு கறுப்புக் கோடு.
இரண்டு ராண்ட், பதினோரு ரப்பர் வளையம், பாதி சமோசா
கொடுத்து வாங்கிய பட்டுப்புழுக்கள்.

பெட்டிக்கு நம் வீட்டில் பஞ்சமா?
பள்ளி ஷூ, கறுப்பு, ஐந்தாம் எண்.
நான் அடித்தோல் ஒட்டிய ஜோடி எந்தத் தெருவிலோ நடக்க
அதன் பெட்டியில் இவை படுத்துக்கொண்டன.
கயூரி பேனாவால் மூடியில் ஓட்டை போட்டாள்.
தெயோலன் தன் ஓட்டையைத் தனியாகப் போட்டான்.

இலைக்குத்தான் அலைச்சல்.
முசுக்கட்டை மரம் ஸோண்டி அம்மாவின் வேலியோரம்.
ஒரு பை இலைக்கு ஒரு பை கறிவேப்பிலை கேட்டாள்.
"அவரைக்காயில் போட்டுப் பழக்கிவிட்டாய்,
என் மகன் இப்போது வேறெதையும் தொடுவதில்லை" என்று
வசவும் சேர்த்துத் தந்தாள்.

புரட்டாசி பிறந்தது.
இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை.
"புழுவும் விரதமாப்பா?"
இருபத்துநாலு மணி நேரமும் தின்கிற விரதத்தை
நான் எங்கும் கண்டதில்லை.

ஓர் இரவு தூறல் சத்தம்.
கொடியில் துணி கிடக்கிறதே என்று வெறுங்காலோடு ஓடினேன்.
வானம் நிறைய நட்சத்திரம்.
லோஷினியின் வெள்ளைச் சட்டை
மொடமொடவென்று காய்ந்திருந்தது.
திரும்பி வந்தால்
மழை, அலமாரி மேல், பெட்டிக்குள்.
அவளை எழுப்பிக் கேட்கச் சொல்ல நினைத்தேன்.
நாலரைக்கு எழ வேண்டியவள்.
தனியாகவே நின்று கேட்டேன்.

பீட்ரூட் இலை தின்றால் சிவப்புப் பட்டு வருமென்று
எவனோ சொல்ல, ஆறைத் தனியே பிரித்தாள் கயூரி.
சிவப்பு வரவில்லை. மூன்று செத்தன.
தீப்பெட்டியில் வைத்து ரோஜாத் தொட்டியில் புதைத்தார்கள்.
பாட ஒன்றும் தெரியாததால்
தெரிந்ததிலேயே சோகமானதைச் சொன்னார்கள்:
ஏழாம் வாய்ப்பாடு.

மற்றவை மூலைக்கொன்றாய் மஞ்சள் கூட்டுக்குள் போய்
ஒளிந்துகொண்டன.
"அம்மா கல்யாணச் சேலைக்கு எத்தனை கூடு?"
ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த லோஷினி
என் பக்கம் கை காட்டினாள்.
தேடினேன். ஆயிரக்கணக்கில்.
கொதிநீர் என்ற இடத்தில் கைபேசியைக் கவிழ்த்தேன்.
"தெரியும்ப்பா, நானும் படிச்சேன்" என்றாள் கயூரி.
அந்தச் சனிக்கிழமை பூசைக்கு
அம்மா அதே சேலையில் வந்து நின்றபோது
கரையை ஒற்றை விரலால் தொட்டாள்,
தூங்குகிறவர்களைத் தொடுவதுபோல.

அந்துப்பூச்சிகளுக்குப் பறக்கத் தெரியவில்லை, பசிக்கவில்லை.
மூடியின் உட்புறம் கசகசா தூவினாற்போல்
முட்டையிட்டு ஓய்ந்தன.
வெளியே கார் கண்ணாடியெல்லாம் ஜகரந்தா ஊதா.
பெட்டியைச் சேலைத் தட்டில் வைத்தோம்.

"எப்போ பொரியும்?"
"அடுத்த ஆகஸ்ட் கடைசியில்."
தெயோலன் விரல்விட்டு எண்ணிவிட்டுக் கேட்டான்,
ஆசையாகத்தான் கேட்டான்:
"அப்பவும் திங்கக்கிழமை நீ வீட்ல இருப்பியா?"

ஸோண்டி அம்மாவிடம் இலைக்கு
இப்போதே சொல்லி வைக்கலாம் என்றேன்.