மயிர்க்கால்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
டாக்டர் மெய்யம்மை அந்தச் சொல்லைச்
சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார்:
மயிர்க்கால் அழற்சி.
நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதினோரு வருஷம் வண்டிக்கடன் வசூல்.
அதன் முதல் பாதியை என் மேல் எறியாத தெரு
புதுவயலில் இல்லை, கோட்டையூரில் இல்லை.
பள்ளத்தூரில் ஒரே ஒரு சந்து உண்டு,
அங்கே எல்லோரும் ரொக்கத்துக்கு வாங்கியவர்கள்.

தாடைக்குக் கீழே, தொண்டைக்கு இருபுறமும்
முடிக்கு ஒன்றாய்ச் செம்புள்ளி,
அதன் நுனியில் கடுகளவு சீழ்.
ஆவணியில் நாலு.
புரட்டாசியில் எண்ணுவதை விட்டேன்.

மூன்று தவணை பாக்கி வைத்த வள்ளிக்கண்ணு
பேச்சை மாற்ற என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்:
"சூட்டுக் கொப்புளம். நல்லெண்ணெய் தேய்ச்சு முழுகு."
முழுகினேன். ஏழு புதிதாய் முளைத்தன.
மருந்துக்கடை அடைக்கலம்
கேட்காமலே ஒரு ட்யூப் நீட்டினான்.
நாலு நாள் சிவப்பு அடங்கிக் கிடந்தது,
ஐந்தாம் நாள் காது வரை ஏறியது.
மிரட்டினால் பாக்கிக்காரனும் இப்படித்தான்,
அடங்குவான்,
அடுத்த மாதம் ஊரையே காலி செய்திருப்பான்.

டாக்டர் விளக்கு வைத்த கண்ணாடியைக்
கழுத்தருகே இழுத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.
கேள்விக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
எனக்குப் பழக்கமில்லை.

ஒரு பிளேடு எத்தனை நாள்?
பதினைந்து. கைமுட்டு மாதம் என்றால் இருபது.
மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா?
கீழிருந்து. எதிர்த்துச் சிரைத்தால்தான் மழமழப்பு,
கம்பெனிக்கு மழமழப்பு வேண்டும்.
துண்டு?
எனக்கும் மச்சானுக்கும் ஒன்று.
ஹெல்மெட் வாரை எப்போது கழுவினீர்கள்?

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்.
அது இல்லை.
ஒரு கொப்புளத்தைத் திறந்து பஞ்சுக்குச்சியில் ஒற்றினார்.
தாடியில் பூஞ்சையும் இதே வேஷம் கட்டும் என்று
இரண்டு முடியை வேரோடு பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தாள் வந்தது.
பூஞ்சை இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ்.
திராட்சைக் குலைபோல் கொத்தாய் இருக்குமாம்,
பலருக்கு மூக்குக்குள்ளேயே குடியாம்,
வாடகையும் இல்லை, தொந்தரவும் இல்லை,
விரல் அதைக் கழுத்துக்குக் கொண்டுவரும்வரை,
பிளேடு அதற்குக் கதவு திறக்கும்வரை.
முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள
எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொண்டேன்.
முன்பக்கம் பூட்டிய பூட்டையே
நான் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரம் கத்தி படக்கூடாது.
வெதுவெதுப்பான துணி, மூன்று வேளை, பத்து நிமிஷம்.
கழுத்துக்குக் களிம்பு, மூக்கோரத்துக்கும் ஐந்து நாள்.
கட்டியாய்ப் பெருத்தால், காய்ச்சல் கண்டால் அன்றே வா.
பிதுக்காதே.
இதை இரண்டு தடவை சொன்னார்.

ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் தந்தார்.
மேனேஜர் பெரியதம்பி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு
"என்னய்யா இது, தமிழில் சொல்" என்றார்.
சொன்னேன்.
கணக்கெழுதும் பொன்னழகி பேனாவை வைத்தாள்.
அந்தச் சொல் அந்த அறையில்
யாரையும் திட்டாமல் ஒலித்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகை பிறந்தபோது தாடி கறுத்திருந்தது.
புதுவயலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்,
"சாமி எப்ப மாலை போட்டீங்க?"
கழுத்தில் மாலை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.
ஆயிரத்தெண்ணூறை எண்ணி வைத்தார்.
உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன்,
அதன் முதல் சொல் என்ன என்று யோசித்தேன்,
ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஆறாம் வாரம் சிரைத்தேன்.
புது பிளேடு, முடி சாயும் பக்கமாகவே.
இடது தாடையில் மூன்று கறுப்புத் தழும்பு
மாதக்கணக்கில் மெல்ல மறையுமாம்.
வள்ளிக்கண்ணு வாசலில் வெளிச்சத்துக்கு
என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள்.
"நான் சொன்ன எண்ணெய்தான் கேட்டிருக்கு."
நாலாவது தவணையும் தரவில்லை.